மைமூன் வீட்டில் முப்பது பேர்

இணையப் பயன்பாட்டை வைத்தே ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவிடும் சூத்திரம் பியூலாவுடையது. மைமூன் வீட்டில் முப்பது பேர் என்றது அது. அலுவலகமே சிரித்தது. சூத்திரம் தப்பென்றால் மூன்று வருட உழைப்பும் வீண். நேரிலேயே போய்க் கேட்டாள்.

"வீட்ல எத்தனை பேரு, அக்கா?"

"நான் மட்டுந்தாம்மா."

பியூலாவின் முகம் சுண்டிப்போனது. திரும்பியவள் மதில்சுவரைப் பார்த்தாள். கொட்டை எழுத்தில் வைஃபை பாஸ்வேர்டு. அதனடியில், ஆளுக்கொரு ஃபோனோடு தெருவே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. எண்ணினாள். மைமூனோடு சேர்த்துச் சரியாக முப்பது!

"அக்கா, நானும் கொஞ்சம் உக்காரட்டா?"

"இதென்ன கேள்வி? தள்ளி எடம் விடுங்கப்பா!"

மறுநாள் காலை, மைமூன் வீட்டில் முப்பத்தொரு பேர் என்றது சூத்திரம். பியூலா திருத்தவில்லை.