வாசலில் வேப்பிலை

முதுகைக் கதவு நிலையில் வைத்துத் தேய்த்தாள்.

தேய்க்கக் கூடாது. நகம் படக் கூடாது. நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, மணமில்லாத களிம்பைத் தடவ வேண்டும். சொல்வது சுலபம். அரிப்பு யார் பேச்சைக் கேட்கிறது?

மதுரைக்குப் போய் இரண்டாவது கீமோ ஏற்றிக்கொண்டு வந்தபின் ஆரம்பித்தது. முதலில் முழங்கை. பிறகு கழுத்து. இப்போது தோள்பட்டைகளுக்கு நடுவே, எந்தக் கையும் எட்டாத இடத்தில்.

கணவர் மில்லுக்குக் கிளம்பும் முன் அங்கே களிம்பு தடவிவிடுவார். எங்கே வலித்துவிடுமோ என்று பயந்து பயந்து தடவுவார். பாதி களிம்பு நைட்டியில்தான் ஒட்டும்.

கையில் சிவப்புத் தடிப்புகளை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுப் பரிமளம்.

"அடியாத்தி, ஆத்தால்ல வந்துருக்கா!"

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலமே வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டாள்.

இது அம்மை இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை.

மகள் யமுனாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கேதான் வர வேண்டும். வந்தால் எல்லாம் தெரிந்துவிடும். முதல் கரு கலைந்தபோது பித்துப் பிடித்தவள்போல் கிடந்தவள் அவள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். அம்மாவுக்குப் புற்று என்கிற சொல் பிள்ளை பிறக்கும்வரை அவள் காதில் விழக் கூடாது.

அம்மை கண்ட வீட்டுக்குள் மாசமான பெண் காலெடுத்து வைக்க மாட்டாள்.

அவளாகப் பொய்யை இட்டுக்கட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அது எல்லாவற்றுக்கும் பொருந்தியது. முடி போன தலையில் எப்போதும் துண்டு. யாரும் கேட்கவில்லை. கடுகு பொரிந்தாலே குமட்டும். அம்மை கண்ட வீட்டில் தாளிப்பதில்லை என்பதால் அதையும் கேட்கவில்லை. பரிமளம் தினமும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொண்டுவந்தாள். வெந்த தோலில் அது எரியும். பரிமளத்தின் தலை மறைந்ததும் சாக்கடையில் ஊற்றினாள். ஆத்தா கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். இதற்கு மேல் என்ன செய்துவிடப் போகிறாள்?

யமுனா வீடியோவில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அம்மை முகத்தை மாசமானவள் போனில்கூடப் பார்க்கக் கூடாது என்று ஒரு சாத்திரம் சொன்னாள். அப்படி ஒரு சாத்திரம் எங்கும் கிடையாது.

வளைகாப்பு சம்பந்தி வீட்டில் நடந்தது. அம்மா இல்லாமலே நடந்தது. அன்று முழுக்கக் கட்டிலில் கிடந்து அழுதாள்.

ஆனால் மாதம் ஒன்றாகியும் இறங்காத அம்மை எந்த ஊரில் உண்டு?

எப்போது இறங்கும் என்று பரிமளமும் கேட்பதை விட்டுவிட்டாள். வாடிய கொத்தை எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாகச் செருகிவிட்டுப் போகிறாள்.

வாசலில் ஆட்டோ நின்றது.

கை நிறைய வளையல் குலுங்கும் சத்தம்.

"உள்ள வராதடி! அங்கனயே நில்லு!"

துண்டைக் காதுவரை இழுத்து மூடினாள். கதவைச் சாத்தப் போனாள்.

யமுனா நிற்கவில்லை. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மூச்சு வாங்க, படியேறி உள்ளே வந்தாள். பையைக் கீழே வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள்.

ஜன்னல் மேடையில் களிம்பு இருந்தது. எடுத்தாள். அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, தானும் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டு கை வளையல்களையும் முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டாள், அம்மாவின் தோலில் உரசிவிடாதபடி.

அம்மா திரும்பிப் பார்த்தாள். விரல்களில் நகம் இல்லை. ஒட்ட வெட்டியிருந்தாள். காலேஜ் போன நாளிலிருந்து நகம் வளர்த்துச் சாயம் பூசுகிறவள். எத்தனை திட்டியும் வெட்டாதவள்.

அதைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அல்லது யாருமே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யமுனா நைட்டியின் கழுத்தைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டாள். குளிர்ந்த விரல்கள். தேய்க்கவில்லை, அழுத்தவில்லை. அந்த எட்டாத இடத்தில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்தன.

அப்பாடா.

கண்ணில் நீர் முட்டியது. அரிப்பு அடங்கிய சுகமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மகளின் வயிறு முதுகில் பட்டது. உள்ளே பிள்ளை அசைந்தது. இரண்டு பேருக்கும் தெரிந்தது.

வெளியே பரிமளத்தின் குரல் கேட்டது. வாசல்வரை வந்துவிட்டு, திரும்பிப் போய்விட்டாள்.

யமுனா பேசினாள். அடுப்பில் பால் வைக்கவா என்று கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"தலைக்கு எப்பம்மா தண்ணி ஊத்துறது?"

அம்மை இறங்கியபின் செய்வது. இனி பயமில்லை என்று வீடே மூச்சுவிடுகிற நாள். போன வாரம் டாக்டரிடம் அம்மாவும் வேறு வார்த்தைகளில் இதைத்தான் கேட்டிருந்தாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, பார்க்கலாம்மா என்றார்.

சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"புள்ள பொறக்கட்டும்டி. மொகத்தப் பாத்துட்டு ஊத்திக்கிறேன்."

முதுகில் விரல்கள் நின்றன.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தடவத் தொடங்கின.