ஐம்பதாவது உறுப்பினர்

"ஏனுங்க அம்மணி, உள்ளே வரலாங்களா?"

கேட்டவர் ஊர்த் தொழில் வர்த்தக சங்கத்தின் தலைவர் சுந்தரராஜுலு. பொற்கொடி பதறி எழுந்தாள். தோட்டக் கூலியின் மகளான அவள், இன்று அவிநாசியில் முப்பது மெஷின் போட்டுத் தையல் கம்பெனி நடத்துகிறாள். சங்கத்தில் சேர அவள் கொடுத்த விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்திருந்தது. பரிந்துரைக்க ஆள் இல்லை என்பதே ஒவ்வொரு முறையும் பதில்.

"இந்தத் தடவை நானே பரிந்துரைக்கறனுங்க. ஞாயித்துக்கிழமை பொதுக்குழுவுக்கு அவசியம் வந்துருங்க" என்றார் படிவத்தை நீட்டி.

தன் கம்பெனிப் பெண்கள் வந்துபோக பஸ் விடச் சொல்லிச் சங்கம் அதிகாரிகளிடம் பேச வேண்டும் என்று ஒரு மனு எழுதினாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

தலைவர் எழுந்தார்.

"எங்கப்பாவும் பத்து மில்காரங்களும் சேந்து ஆரம்பிச்ச சங்கமுங்க இது. நானூறு பேரா வளந்துச்சு. மில்லுகளெல்லாம் மூடினதுல இப்ப நாப்பத்தொம்பது பேருதான் மிஞ்சியிருக்கறோம். சங்கத்தைக் கலைக்கோணும்னா அம்பது பேர் கையெழுத்து வேணும்னு விதி இருக்குதுங்க. அம்மணி வந்ததுல அது சரியாப் போச்சு."

கலைப்புத் தீர்மானம் பொற்கொடியின் கைக்கு வந்தது. கடைசி வரி மட்டும் காலியாக இருந்தது.

பஸ் மனுவை மடித்துப் பைக்குள் வைத்தாள். பேனாவை நீட்டிய தலைவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"போடறனுங்க. இந்த நாற்காலிக்கு வர எனக்குப் பன்னெண்டு வருஷமாச்சுங்க. இதுல கொஞ்ச நேரம் உக்காந்துக்கறனுங்க."