பாதை மாறும் இடம்

உலகக் கோப்பை ஐந்நூறு மீட்டர் ஐஸ் ஸ்கேட்டிங்கில் சோடியாக ஓடும் இருவரும் பாதை மாறும் இடத்தில், வெளிப்பாதையிலிருந்து வருபவனுக்குத்தான் முதல் உரிமை. உள்ளிருந்து வந்தவன் வழி விடவில்லை. மோதாமலிருக்க, வெளியிலிருந்து குனிந்து பாய்ந்து வந்த ஆரூரன் நிமிர்ந்தான். வேகமெல்லாம் பாழாய்ப் போனது. நடுவர் மற்றவனைத் தகுதிநீக்கம் செய்துவிட்டு, ஆரூரனைத் தனியாக மறுபடி ஓடச் சொன்னார். தொடை இன்னும் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தான். அதே இடம் வந்தது. ஆளில்லாத பனியில் அவன் உடம்பு தானாக நிமிர்ந்தது.

“ஆருக்கடா வழி விட்டனீ?” பயிற்சி கொடுக்கும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆரூரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உனக்கென்ன கண் பொட்டையே? அவன் குறுக்க வந்தவனெல்லே!”

குறுக்கே வந்தவனோ எப்போதோ ஸ்கேட்டைக் கழற்றிச் சப்பாத்து மாட்டிக்கொண்டு, பார்வையாளர் நடுவே உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருந்தான்.