யோபுவின் இருபது பிள்ளைகள்

மசாக்கா ஊரில் மழை விட்ட மதியம். நன்சுபுகாவின் வீட்டுப் பாயில் நாங்கள் ஆறு பெண்கள் வேதப் பாடத்துக்கு உட்கார்ந்திருக்கிறோம். வெளியே வாழைத் தோட்டத்தில், போன வாரம் அவள் மகன் மயாஞ்சாவைப் புதைத்த மண்மேடு இன்னும் ஈரச் சிவப்பாக இருக்கிறது. போதகரின் மனைவி எருசா, எல்லாம் இழந்து திரும்பப் பெற்ற யோபுவின் கதையில், கடைசி அதிகாரத்தில் விரலை வைத்திருக்கிறாள். அவள் ஒவ்வொரு விளக்கம் சொல்லி முடித்ததும் நாங்கள் ஒரே குரலில் ஆமென் சொல்வது வழக்கம்.

“யோபு இழந்த ஆடு மாடெல்லாம் ரெட்டிப்பா வந்துச்சு. செத்த பத்துப் புள்ளைங்களுக்குப் பதிலா மட்டும் ஏன்க்கா அதே பத்து?” என்று டீ ஊற்றியபடி கேட்கிறாள் நன்சுபுகா. “செத்ததுங்க பரலோகத்துல உயிரோட இருக்குடி. சேத்து எண்ணு, இருபது” என்கிறாள் எருசா. “ஆமென்” என்கிறோம். நன்சுபுகாவின் கெட்டில் அந்தரத்தில் நிற்கிறது. ஏழு நாளில் முதல் முறையாக அவள் முகத்தில் வெளிச்சம். “அப்ப என் மயாஞ்சாவும் அங்கதான் இருக்கான்!” எருசா உள்ளங்கைக் கடலையின் தோலை ஊதிவிடுகிறாள். “உனக்குத்தான் கோயில்ல மோதிரம் மாத்திக் கல்யாணம் ஆகலையே. அதனாலதான எங்க வீட்டுக்காரர் அவனுக்கு ஞானஸ்நானம் குடுக்கல? அவன எப்படி எண்ணுறது?”

விளக்கம் முடிந்துவிட்டது. “ஆமென்” என்கிறோம், ஒரே குரலில்.