பழக்கிண்ணம் ஆகவேண்டிய கட்டை

“நான் நேராத்தான் வரேன். நீதான் பிய்ஞ்சு பிய்ஞ்சு போறே!” என்றது உளி. காலையிலிருந்து இதையே நாலாவது தடவையாகச் சொல்கிறது.

பூவரசங்கட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராயப்பன் வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கிய, மரம் கடையும் லேத்தில், பழக்கிண்ணம் ஆகப்போகிறோம் என்று நம்பி ஏறிய கட்டை அது. ஓரமெல்லாம் பிய்ந்தபோது, சரி, தம்ளராகவாவது ஆகலாம் என்று இறங்கிவந்தது. இப்போது உப்புக் கிண்ணத்துக்குக்கூடத் தேறுமா என்று சந்தேகம். ராயப்பனோ டீ குடிக்கப் போயிருந்தார்.

“ஒருதரம் சாணை பிடிச்சுட்டு வாயேன்” என்றது கட்டை.

“எனக்கா? கடையிலேர்ந்து வந்து ஒரு வாரம் ஆகலை. பழசுக்குத்தான் சாணை!”

“புது அம்மியைக்கூடக் கொத்தித்தான் அரைப்பாங்க. நீ என்ன பெரிய இவளா?”

“லேத்தண்ணே, நீங்களே சொல்லுங்க.”

“கோளாறு கட்டையிலதான்” என்றது லேத்.

வேறென்ன சொல்லும்? அதற்கு ஒரு கால் குட்டை. வந்த அன்றே ஆடியது. ராயப்பன் சாணைக்கல்லை உறைகூடப் பிரிக்காமல் அந்தக் காலுக்கடியில் சொருகிவிட்டார். கல்லை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ராயப்பன் வந்து சுவிட்சைப் போட்டார். உளி நெருங்கியது. பெரிய சில்லு ஒன்று தெறித்துச் சுவரில் மோதியது.

“அண்ணே, காலுக்கு அட்டையை மடிச்சு வெச்சுக்கலாம்!” என்று மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தியது கட்டை. “பம்பரமாவாவது மிஞ்சறேன். அந்தக் கல்லை மட்டும் கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்!”