காலி என்று எழுதிய பிளாப்பி

மறைந்த என் அண்ணனின் பழங்கணினி, இணையத்தோடு சேர்ந்துவிட்டதாகப் பச்சை எழுத்துகளில் அறிவிக்கிறது. அவ்வொளி அண்ணியின் மூக்குக்கண்ணாடியில் நடுங்குகிறது. பழையது என்றாலே குப்பை என்னும் கடைக்காரர்களைக் காலையிலிருந்து வைதுகொண்டிருந்த தமிழ் வாத்தியாரான நான், பெருமிதத்தோடு நிமிர்ந்து உட்கார்கிறேன். இணையத்தோடு சேர்க்கும் கட்டற்ற மென்பொருளை ஏற்றுவதற்கு அண்ணன் மகள் ஒரு பிளாப்பி வட்டு கேட்டபோது, ‘காலி’ என்று அண்ணன் எழுதி ஒட்டியிருந்ததைத் தேடிக் கொடுத்தவன் நானே. அவள் அதைத் துடைத்து அழித்துவிட்டுத்தான் மென்பொருளை ஏற்றினாள். “இனி அப்பா எழுதுன கதையெல்லாம் என் லேப்டாப்புக்கு இழுத்துடலாம்மா. எந்த பிளாப்பி?” என்கிறாள். “‘காலி’ன்னு எழுதியிருக்கும் பாரு. வாத்தியார் தம்பி கண்ணுல பட்டா செவப்பு மையால குதறிடுவாருன்னு அப்படி ஒளிச்சு வச்சாரு மனுஷன்” என்று அண்ணி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். மகளின் விரல்கள் விசைகளின்மேல் அப்படியே நின்றுவிடுகின்றன. “இந்தப் பெட்டியிலதானே தம்பி இருந்துச்சு?” அண்ணி ஒவ்வொரு பிளாப்பியாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிறார். கணினியில் அந்தக் ‘காலி’ பிளாப்பி செருகப்பட்டிருக்கும் இடத்தில் எரியும் சிறு விளக்கை என் உள்ளங்கை மறைத்துக்கொண்டிருக்கிறது.