தம்பி செய்யும் பொருள்

“இது கோயில் இல்லம்மா. இங்க கும்புடக் கூடாது,” என்றார் காவலாளி பாண்டுரங்கன்.

மாடத்தி கூப்பிய கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டாள். எதிரே ஆளுயர வெண்கல அம்மன். கும்பிடாமல் எப்படி நிற்பதாம்?

ஆலங்குளத்திலிருந்து தம்பி வேல்ராஜைப் பார்க்க வந்திருந்தாள். அவள் பீடி சுற்றித்தான் அவன் டிப்ளமா முடித்தான். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை. அக்காவுக்கு என்ன செய்தாலும் தகும் என்று நினைக்கிற பிள்ளை.

“நான் சுத்துத பீடியெல்லாம் புகையாப் போயிருது. நீ செய்யுத பொருளையாவது கண்ணால பாத்துட்டுப் போறேம்ல,” என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். ஆனால் கம்பெனி கேட்டுக்குள் உறவுக்காரர்களை விடுவதில்லை. செல்போன் கேமராமீதும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், படம்கூட எடுக்க முடியாது.

அதனால் வார விடுமுறையில் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் கூட்டிவந்தான். எங்கள் பொருள் அங்கே இருக்கிறது என்றான். முதலில் கோயில் இட்லி. மிளகும் சுக்கும் மணத்த இட்லியைவிட, அது வெந்த மந்தாரை இலைதான் அவளுக்குப் பிடித்தது. விரலால் தடவிப் பார்த்து, நல்ல பதமான இலை என்று சான்றிதழ் கொடுத்தாள். பிறகு இந்தக் கலைக்கூடம்.

எது என்று அவளேதான் கண்டுபிடிக்க வேண்டுமாம். மேலே எரிகிற விளக்கா என்றாள். இல்லை. ஏசியா? இல்லை. பாண்டுரங்கன் உட்காரும் நாற்காலியைக்கூடக் கேட்டாயிற்று. வேல்ராஜ் சிரித்துக்கொண்டே அவளை மறுபடி அம்மனுக்கு நேராக நிறுத்தினான்.

“நல்லாப் பாருக்கா. என்ன தெரியுது?”

“அம்மன் தெரியுது. மெட்டி தெரியுது. விரல்ல நகங்கூடத் தெரியுது.”

“அம்மனுக்கும் ஒனக்கும் நடுவுல?”

“நடுவுல என்னல? ஒண்ணுந் தெரியலையே.”

வேல்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்படித் தெரியாமச் செய்யுததுதான்க்கா என் வேலை.”

மாடத்தி மெல்லக் கை நீட்டினாள். விரல்நுனி ஜில்லென்று முட்டியது. கீழ் மூலையில் நகத்தளவுக்குக் கம்பெனி முத்திரை.

அதைத் தடவிப் பார்த்தவள், இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

“இன்னாம்மா, இப்பத்தானே சொன்னேன்?” பாண்டுரங்கன் எழுந்து வந்தார்.

“நான் அம்மனக் கும்பிடலய்யா,” என்றாள் மாடத்தி. “எந்தம்பி செஞ்ச கண்ணாடியக் கும்பிடுதேன்.”